ஈர்க்குக் கூடைக்கு ஒரு கூரை: பெஸ்தாரி ஜெயா மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

பெஸ்தாரி ஜெயாவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழும் உறவுகளுக்கும், இங்கே பிறந்து வளர்ந்து கிள்ளான், ஷா ஆலாம், சிங்கப்பூர் என்று பிழைப்பு தேடிப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். நம் ஊரில் கைவினைப் பொருள் செய்து விற்கும் பெண்களுக்கு ஒரு பொதுப் பணிக்கொட்டகை கட்டப் போகிறோம். மொத்தச் செலவு 32,000 வெள்ளி (ரிங்கிட்). கையில் 9,400 வெள்ளி இருக்கிறது. மீதி 22,600 வெள்ளிக்காகத்தான் உங்களிடம் வருகிறோம்.

ஊரில் இருப்பவர்களுக்கு இவர்களை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஈர்க்குக் கூடையும் சேலைத்துணிப் பையும் பட்டு நூல் வளையலும் பரப்பி வைத்து உட்கார்ந்திருப்பார்களே, அவர்கள்தான். தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பே பால்குடத்துக்கு அலங்காரம் கட்டித் தருவதும், கல்யாண வீட்டுக்கு ஆரத்தித் தட்டு செய்து தருவதும் இதே கைகள்தான். பாதிப் பேர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். மற்றவர்கள் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளி வேலைக்குப் போக முடியாத தாய்மார்கள்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாமல் இருக்கலாம். இவர்கள் மேசையில் ஒரு மைலோ டின் இருக்கும். ஒரு வெள்ளிக்கு விற்றால் பத்து காசு அந்த டின்னுக்குள் போகும். இருபது வெள்ளிக் கூடை விற்றால் இரண்டு வெள்ளி. யாரும் கட்டளை போடவில்லை. அவர்களாகவே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. வியாபாரம் படுத்த வாரத்திலும் டின்னை மூடி வைத்ததில்லை.

அந்தக் காசு எங்கே போனது என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பெரும்பாலான பாடங்களைத் திடீரென்று மலாயில் படிக்க வேண்டியிருக்கிறது. ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு, எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறது என்று பெற்றோருக்கே சரியாகப் பிடிபடுவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மலாய் வகுப்பு எடுக்கும் ஆசிரியரின் பெட்ரோல் செலவு டின் காசில் போகிறது. சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று தடவை போய் வர வேண்டிய நோயாளிகளுக்கு வேன் வாடகை போகிறது. இழவு வீட்டில் முதல் நாள் செலவுக்குக் கையில் காசு இல்லாமல் நின்ற குடும்பங்களுக்கும் போயிருக்கிறது. யாருக்கு, எவ்வளவு என்று நாங்கள் எழுத மாட்டோம். வாங்கியவர்கள் நம் அக்கம்பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு நன்றாக நடக்கிறதே, கொட்டகை எதற்கு என்று கேட்கலாம். அதைப் புரியவைக்க ஈர்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை, அதாவது எண்ணெய்ப்பனையை, வணிகப் பயிராக நட்டார். நாட்டிலேயே அதுதான் முதல் செம்பனைத் தோட்டம். அன்று முதல் இன்று வரை குலை வெட்டும்போது அதைத் தாங்கி நிற்கும் மட்டையையும் சேர்த்து வெட்டித் தள்ளுகிறார்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுவடை சுற்றி வரும். ஆக, மட்டைக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. முற்றிய மட்டை ஒன்றில் இருநூற்றைம்பது ஓலைக்கு மேல் இருக்கும். ஒவ்வோர் ஓலையின் நடுவிலும் ஓர் ஈர்க்கு. கத்தியால் இருபக்கமும் சீவி எடுத்தால் ஈர்க்கு தனியாக வந்துவிடும். தடித்தது விளக்குமாற்றுக்குப் போகும். மெல்லியதும் நீளமானதும் கூடைக்கும் தட்டுக்கும் போகும். வெட்டிய மட்டைகளை மரங்களுக்கு நடுவே வரிசையாக அடுக்கி மக்க விடுவது மண்ணுக்கு உரம் என்பதால், தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அவர்கள் காட்டும் வரிசையில் மட்டும்தான் எடுக்கிறோம். களைக்கொல்லி அடித்த பகுதிக்குள் யாரும் கால் வைப்பதில்லை.

சீவி எடுப்பது பாதி வேலைதான். மீதி பாதி காயவைப்பது. பச்சை ஈர்க்கை வெயிலில் பரப்பி நன்றாகக் காயவிட வேண்டும். அப்புறம் பின்னும்போது லேசாக நனைத்து வளைத்து, பின்னி முடித்த கூடையை மறுபடி காயவைக்க வேண்டும். எந்த இடத்தில் ஈரம் தங்கினாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். முதலில் வெள்ளையாகப் பொடி போலத் தெரியும், பிறகு கறுப்புப் புள்ளி விழும். கறுப்பு விழுந்த கூடையை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விற்க முடியாது. சாப்பாட்டுப் பொருள் வைக்கும் கூடை என்பதால் இவர்களே விற்க மாட்டார்கள், தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இப்போது நாள்காட்டியைப் பாருங்கள். சிலாங்கூரில் மழை கொட்டும் மாதங்கள் அக்டோபரும் நவம்பரும். தீபாவளி வருவதும் அப்போதுதான். ஆண்டு முழுக்கச் செய்யும் வியாபாரத்தில் பெரும்பங்கு, முறுக்கும் அதிரசமும் வைத்துக் கொடுக்கும் பலகாரக் கூடைக்கு வரும் தீபாவளி ஆர்டர்தான். வட்டாரக் குயவர்களிடம் அகல் வாங்கி வண்ணம் தீட்டி விற்பதும் அதே பருவத்தில்தான். ஆர்டர் கூடும் நேரத்தில் வெயில் இல்லை. தாமான் வீட்டு முன்தாழ்வாரத்தில், காருக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் ஈர்க்கைப் பரப்பி, மத்தியானம் மூன்று மணிக்கு இடி முழங்கினால் அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தத் தாழ்வாரம்கூட இல்லை. போன தீபாவளிக்குக் கிடைத்த ஆர்டரில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது ஈர்க்கு காயாததால்தான். ஆர்டர் திரும்பினால் டின்னும் காலி. ஜனவரியில் பள்ளிச் செலவு, வேன் வாடகை என்று கேட்டு வந்தவர்களிடம் இவர்கள் பட்ட சங்கடத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள்.

அதனால்தான் இந்தக் கொட்டகை. ஒரு பாதிக்கு ஒளி ஊடுருவும் கூரைத்தகடு, அதன் கீழே கம்பிவலைத் தட்டுகள், ஈரக்காற்றை வெளியே இழுக்கும் விசிறிகள். மேகம் மூட்டமாக இருந்தாலும் உள்ளே சூடு நிற்கும், மழையில் நனையாது. மறுபாதியில் உட்கார்ந்து பின்னுவதற்கும் தைப்பதற்கும் இடம். கோவில் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தைக் கோவில் நிர்வாகம் பத்து ஆண்டுக்கு வாடகையில்லாமல் எழுத்து மூலம் கொடுத்திருக்கிறது. நகராண்மைக் கழகத்துக்கு வரைபடத்துடன் விண்ணப்பம் போயிருக்கிறது. அனுமதி கையில் வராமல் ஒரு கம்பத்தைக்கூட நட மாட்டோம்.

பணம் எப்படிச் செலவாகும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கூரை, கம்பம், சிமெண்டுத் தரைக்கு 19,500 வெள்ளி. மின் இணைப்பும் விசிறிகளும் 3,800. சேலைத்துணிப் பை தைக்கும் பெண்களுக்கு இரண்டு தொழிற்சாலைத் தையல் இயந்திரங்கள் 4,200. வீட்டு இயந்திரத்தில் நான்கு மடிப்புத் துணியைத் தைத்து ஊசி உடைந்துகொண்டே இருக்கிறது, அதனால் இதைக் குறைக்க மனமில்லை. மேசை, அலமாரி, காயவைக்கும் தட்டுகளுக்கு 2,500. மீதி 2,000 வெள்ளி எதிர்பாராத செலவுக்கு. அது செலவாகாமல் நின்றால் தீயணைப்புக் கருவிக்கும் முதல் ஆண்டு மின் கட்டணத்துக்கும் போகும். கையிருப்பு 9,400 வெள்ளியும் கோவில் திருவிழாவில் நாங்கள் நடத்திய பலகாரக் கடையிலும் உள்ளூர் அன்பர்கள் கொடுத்ததிலும் சேர்ந்தது. அதில் மைலோ டின் காசு ஒரு சென்கூட இல்லை.

இந்த ஒரு விஷயத்தில் எங்கள் செயற்குழு உறுதியாக இருக்கிறது. சில பெரியவர்கள், "டின் காசையே இரண்டு வருஷம் சேர்த்து வைத்தால் கொட்டகை கட்டிவிடலாமே" என்று நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். முடியும். ஆனால் அந்த இரண்டு வருஷம் வேனுக்குக் காத்திருக்கும் நோயாளி என்ன செய்வார்? கடன் வாங்கலாம் என்றும் பேச்சு வந்தது. இந்தியச் சிறுதொழில் செய்வோருக்கு அரசின் தெக்குன் நேஷனல் நிறுவனத்தில் ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. தனியாளாகத் தொழில் பெருக்க நினைப்பவருக்கு அது நல்ல வழி, எங்கள் பெண்களில் விரும்புகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவியும் செய்கிறோம். ஆனால் பொதுக் கொட்டகைக்காக ஒரு பெண்ணின் பேரில் கடனை ஏற்றுவது நியாயமில்லை. ஊருக்குக் கொடுப்பவர்கள் தலையில் ஊர் இன்னொரு சுமையை வைக்கக் கூடாது.

இதற்கு முன்மாதிரி நம் மாநிலத்திலேயே உண்டு. கேரித் தீவின் மா மெரி பழங்குடிப் பெண்கள் பின்னும் பாண்டான் பைகளையும் பாய்களையும் கோலாலம்பூரில் விற்றுத் தரும் கெராய் ஓஏ என்ற தன்னார்வக் குழு, விற்ற பணம் முழுவதையும் செய்தவர் கையிலேயே கொடுத்துவிடுகிறது. விற்பனைக்கு ஆகும் உழைப்பைத் தன்னார்வலர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். கைவினைஞரை மதிப்பது என்றால் இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

நம் சொந்தச் சரித்திரத்திலும் உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், குடியிருந்த லயத்தையும் செய்த வேலையையும் நம் பாட்டன் பாட்டிகள் ஒரே நாளில் இழந்தார்கள். அந்த நேரத்தில்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் பத்து பத்து வெள்ளியாகக் கட்டி, தோட்டங்களுக்கே பங்குதாரர்கள் ஆனார்கள். அந்தக் காலத்தில் பத்து வெள்ளி எவ்வளவு பெரிய தொகை என்று வீட்டில் இருக்கும் மூத்தவர்களைக் கேளுங்கள். இன்று நாங்களும் அதே பத்து வெள்ளியிலிருந்து தொடங்கச் சொல்கிறோம். வசதி இருப்பவர்கள் ஒரு காயவைக்கும் தட்டு, ஒரு விசிறி, ஒரு தையல் இயந்திரம் என்று முழுச் செலவையும் ஏற்கலாம். பேர் பொறித்த பலகை எதுவும் வைக்க மாட்டோம். கொடுத்தவர் எல்லார் பேரும், தொகை போடாமல், கொட்டகைச் சுவரில் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். பேர் வேண்டாம் என்றால் அதையும் சொல்லுங்கள்.

சில நடைமுறை விஷயங்கள். எங்கள் ஆட்கள் யாரும் வீடு வீடாக வர மாட்டார்கள். வீடு வீடாகவும் தெருவிலும் வசூல் செய்ய 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும், நாங்கள் அதற்கு விண்ணப்பிக்கவில்லை. கொட்டகை பேரைச் சொல்லி ரசீதுப் புத்தகத்தோடு யாராவது கதவைத் தட்டினால் பணம் கொடுக்காதீர்கள், கோவில் அலுவலகத்தில் உடனே சொல்லுங்கள். வருமான வரிச் சட்டம் 1967, பிரிவு 44(6)இன் கீழ் வரிவிலக்கு அங்கீகாரம் பெற்ற அமைப்பு அல்ல நாங்கள். அதனால் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் ரசீது தர முடியாது. எண் போட்ட சாதாரண ரசீது எல்லாருக்கும் உண்டு. பணத்தைக் கோவில் அலுவலகத்தில் நேரில் கட்டலாம். அல்லது அங்கே பலகையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து டூயிட்நவ் வழியே அனுப்பலாம். வெளியூர்க்காரர்கள் ஊரில் இருக்கும் உறவினர் மூலம் கொடுங்கள். காசோலைக்கு மூன்று பேர் கையெழுத்து. மாதா மாதம் வரவு செலவு கணக்கு அதே பலகையில் ஒட்டப்படும். நகராண்மைக் கழகம் அனுமதி மறுத்து வேறு இடமும் கிடைக்காவிட்டால், ரசீதைக் காட்டி அவரவர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம், நன்கொடை கொடுக்கிறோம் என்பதற்காகப் பசார் மாலாமில் வேண்டாத பொருளை வாங்க வேண்டாம். பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் பேரம் பேசாதீர்கள். ஒரு பலகாரக் கூடைக்குப் பின்னால் சீவல், காயவைப்பு, பின்னல் எல்லாம் சேர்த்துப் பல நாள் உழைப்பு இருக்கிறது. இருபது வெள்ளிக் கூடையில் நீங்கள் குறைக்கும் இரண்டு வெள்ளி, அவர்கள் டின்னில் போடும் பங்குக்குச் சமம்.

பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. அலமாரியில் கட்டாமல் கிடக்கும் சேலைகளைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டு வந்து கொடுங்கள். ஓரம் கிழிந்திருந்தாலும் ஜரிகை கறுத்திருந்தாலும் பரவாயில்லை, நடுத்துணி நன்றாக இருந்தால் பை தைத்துவிடலாம். மின் வேலை தெரிந்த தம்பிகள் இருந்தால் பேரைக் கொடுங்கள், இணைப்பு வேலையை உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும், கூடமாட உதவ ஆள் தேவை. அனுமதி வந்ததும் தரை சமப்படுத்தும் வேலையை ஒரு சனிக்கிழமை ஊரே கூடி, கோத்தோங் ரோயோங்காகச் செய்வோம். தேதி பலகையில் வரும். மண்வெட்டியும் தொப்பியும் கொண்டு வாருங்கள், காலைப் பசியாறலும் தேத்தண்ணியும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
பணிக்கொட்டகைச் செயற்குழு,
பெஸ்தாரி ஜெயா