மயக்க ஊசிக்கு முன்னாடி மோர் சோறு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். மாட்டு வயித்துல இருந்து பிளாஸ்டிக் எடுத்த செய்தி உங்க பேப்பர்ல படிச்சேன், நல்லா எழுதியிருந்தீங்க, ஆனா "மயக்க மருந்து கொடுத்து"ன்னு போட்டது மட்டும் இடிக்குது. அந்த ஆபரேஷன் பெரும்பாலும் மாட்டை நிக்க வெச்சே, இடது பக்கம் லிக்னோகைன்ங்கற மரப்பு ஊசி போட்டு மரத்துப்போக வெச்சுதான் பண்ணுவாங்க. முழுசா மயக்கிப் படுக்க வெச்சா வயிறு உப்பி மூச்சை அமுக்கும், தின்ன தீனி மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும். எங்க நாயால தெரிஞ்சுக்கிட்ட விஷயம் இது.

நமக்கு காவேரிப்பட்டணம் பக்கம், சீசன்ல வீட்டைச் சுத்தி மாங்கொட்டையாத்தான் கெடக்கும். எங்க நாய் மணி அதுல ஒரு கொட்டையை முழுங்கிட்டான், ரெண்டு நாளா தண்ணி குடிச்சாலும் வாந்தி. ஸ்கேன் பாத்துட்டு குடல் அடைச்சிருக்கு, ஆபரேஷன்தான்னாரு டாக்டர். ஆனா கத்தியை எடுக்கல, ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு விட்டுட்டு சலைன் ஏத்திக்கிட்டே உக்காந்திருக்காரு, "பில்லு ஏத்துறாங்க மாமா"ன்னு மச்சான் காதுல ஓத நானும் சத்தம் போட்டுட்டேன்.

அவரு கோவப்படல. வாந்தியில தண்ணியும் பொட்டாசியமும் போயிருக்குங்க, இப்பவே மயக்குனா பிரஷர் எறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகும், மேசையிலயே போயிடும்னாரு. வயிறு முறுக்கிக்கிட்டு காத்து அடைச்ச நாய்னா இவ்வளவு நேரம் பாக்க முடியாதாம், ஆனா அதுக்கும் சலைன் ஏத்தி காத்தை எறக்குன பொறவுதான் மயக்கமாம்.

காலையில ஏதாச்சும் குடுத்தீங்களான்னு கேட்டாரு. டக்குன்னு இல்லைன்னுட்டேன். என் வீட்டுக்காரி பாவம்னு அவனுக்கு மோர் சோறு ஊட்டி விட்டிருந்தா, அது எனக்குத் தெரியும். பத்து நிமிஷம் மனசு கேக்கல, போய் சொன்னேன். குடல் அடைச்சா சும்மாவே வயித்துல தண்ணி தேங்கி நிக்கும், இதுல மோர் சோறு வேறயான்னு தலையில கை வெச்சாரு. மயக்கத்துல வாந்தி வந்தா நாயால இருமித் துப்ப முடியாது, நேரா நுரையீரலுக்குப் போயிடும், அதனால மயங்குன உடனே தலையைத் தூக்கிப் புடிச்சு மூச்சுக்குழாய்ல பலூன் வெச்ச டியூபை சொருகணும்னு கூட இருந்த பையனை உஷார் பண்ணிட்டுத்தான் ஆரம்பிச்சாரு.

மணி பொழச்சுட்டான். கொட்டையைப் பாத்தா இன்னும் மோந்துட்டுத்தான் போறான், திருந்தல.

தோத்தாபுரி மாங்கா வர்ற நேரம் ஒரு சின்ன பெட்டிச் செய்தி போடுங்கய்யா, கொட்டையை நாய்க்கு எட்டுற மாதிரி வீசாதீங்க, டாக்டர் கேட்டா கடைசியா என்ன குடுத்தீங்கன்னு மறைக்காதீங்கன்னு.

இப்படிக்கு,
மாந்தோப்புக்காரன்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்