ஒன்றா, மூன்றா, பத்தா?

டேய் முரளி,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லாரும் சௌக்கியம். இதைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை, வீட்டில் பாதிக் கதையிலேயே எழுந்து போய்விட்டார்கள்.

அஸ்ட்ராப்டஸ் ஃபுல்ஜரேட்டர் என்று ஸ்கிப்பர் வகை வண்ணத்துப்பூச்சி ஒன்று. கறுத்த இறக்கை, உடம்பையொட்டி மின்னும் நீலம், முன்னிறக்கையில் வெள்ளைப் பட்டை. 1775-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். நீயும் கணேசன் அண்ணனும் பார்த்திருந்தால் ஒரு நொடியில் பெயரைச் சொல்லிவிட்டு டீக்கடைக்குக் கிளம்பியிருப்பீர்கள்.

ஆனால் கோஸ்டா ரிக்காவின் வடமேற்கில் டேனியல் ஜான்சென், வின்னி ஹால்வாக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விடவில்லை. காட்டில் புழுக்களைத் தேடிப் பிடித்து, எது எந்த இலையைத் தின்கிறது என்று குறித்து வளர்த்திருக்கிறார்கள், 25 வருடக் குறிப்புகள்! நம் ஆவாரையின் பங்காளியான சென்னாவைத் தின்னும் புழு ஒரு மாதிரி, செல்டிஸ் மரத்துப் புழு வேறு மாதிரி. பூச்சியானதும் எல்லாம் ஒரே முகம். நீ எப்போதும் சத்தியம் பண்ணுவாயே, இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று? அதிலும் வித்தியாசம் இல்லையடா. கடைசியில் மரபணுவை வைத்து இனம் பிரிக்கும் பால் ஹெபர்ட் குழுவோடு சேர்ந்து மரபணுத் துணுக்கைப் படித்து, 2004-ல் ‘இது குறைந்தது பத்து இனம்’ என்றார்கள்.

இனிமேல்தான் கூத்து. 2006-ல் ஆண்ட்ரூ ப்ரோவர் என்ற வண்ணத்துப்பூச்சி ஆய்வாளர் அதே தரவை எடுத்து அலசி, மூன்றுக்குக் குறையாது, ஏழுக்கு மேல் போகாது என்றார். பத்துக்கும் முறையான பெயரும் இல்லை, தின்னும் செடியை வைத்து ட்ரைகோ, செல்ட் என்று செல்லப்பெயர்தான். 2010-ல் பத்துக்கும் பெயர் வைத்தது யார் தெரியுமா? அதே ப்ரோவர்! கட்டுரையின் தலைப்பிலேயே ‘கெட்ட முன்னுதாரணம்’ என்று போட்டுக்கொண்டு.

ஒவ்வொரு இனத்துக்கும் அவர் தந்த அடையாளமும் A, C, G, T என்ற மரபணு எழுத்துகள்தான். எனக்கு எரிச்சல் அங்கேதான். பத்து என்பதை நான் நம்புகிறேன், ஆனால் நம்பவைத்தது புழுவும் இலையும். வருடக்கணக்கில் புழு வளர்த்தவர்களின் உழைப்பை விட்டுவிட்டு வெறும் எழுத்து வரிசையை அடையாளமாக்கினால், வலையும் லென்சுமாகக் காட்டுக்குப் போகிறவன் என்ன செய்வான்? உடனே ‘நீ கிழவனாகிவிட்டாய்’ என்று எழுதாதே, ஒழுங்காகப் பதில் சொல்.

அண்ணனிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே. தன் வண்ணத்துப்பூச்சிப் பட்டியலை முதலிலிருந்து திருத்த உட்கார்ந்துவிடுவார்.

உன்,
சேகர்