நந்து கேட்ட கதை

அன்புள்ள சரவணனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. போன வாரக் காற்றில் பின்வீட்டு முருங்கை சாய்ந்தது, நம் சுவர் தப்பியது. செய்தி அவ்வளவுதான். நேரத்துக்குத் தூங்குகிறாயா?

அக்கா நந்துவை இங்கே விட்டுவிட்டு டிரெயினிங் போயிருக்கிறாள். முந்தாநாள் ராத்திரி கரண்ட் போனதும், "தாத்தா, ஸ்பைடர்மேன் எப்படி ஸ்பைடர்மேன் ஆனான், சொல்லு" என்றான். எனக்கென்ன, உனக்கு நூறு தடவை சொன்ன கதைதானே என்று ஆரம்பித்தேன்.

ஆனால் உனக்கு நான் சொன்னது பாதிக் கதை. எனக்கு ஸ்பைடர் என்றால் முதலில் லயன் காமிக்ஸ் ஸ்பைடர்தான் கண்ணில் வருவான். கூர்க்காது, வலைத் துப்பாக்கி, கொள்ளைக்காரனாக இருந்து திருந்தியவன். இரண்டு பேரையும் கலக்கி ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். நீ எட்டாவது படிக்கும்போது மூலத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு என்னை விசாரித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? 1962 ஆகஸ்ட், அமேசிங் ஃபேண்டசி 15ஆம் இதழ், விலை 12 சென்ட், எழுதியது ஸ்டான் லீ, படம் ஸ்டீவ் டிட்கோ. கதை மொத்தமே 11 பக்கம். இழுத்து மூடப்போகிற பத்திரிகையின் கடைசி இதழ் அது என்றும் நீதான் சொன்னாய். "அப்பா, நீங்க சொன்னதுல பென் மாமா சாகவே மாட்டாரே!" என்று சண்டைக்கு வந்தாய். ஆமாம், சாகவிடவில்லை. பிள்ளை தூங்க வேண்டாமா?

நந்துவுக்கு ஒழுங்காகச் சொன்னேன். பீட்டர் பார்க்கர் படிப்பாளி, கூட்டாளி கிடையாது, பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கேலிப்பொருள். அறிவியல் காட்சியில் கதிரியக்கம் பட்ட சிலந்தி கையில் கடிக்கிறது. வெளியே வந்தால் கார் ஒன்று மோத வருகிறது. துள்ளுகிறான், பார்த்தால் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். பிடித்த இரும்புக் குழாய் காகிதம் மாதிரி நசுங்குகிறது. இங்கே நந்து கையைத் தட்டினான். அப்புறம் மல்யுத்தம், மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 100 டாலர். அப்புறம் டிவி.

நடுவில் ஒரு கட்டம் வரும், நீ கவனித்திருக்கமாட்டாய். அவனை வளர்க்கிற பென்னும் மேயும், அவன் ஆசைப்பட்ட மைக்ரோஸ்கோப்பை வாங்கி வைத்துக் காத்திருப்பார்கள். அவர் வெறும் 'அங்கிள்' இல்லை, பீட்டரின் அப்பாவோடு பிறந்தவர். நான் மாமா என்று சொல்லிப் பழக்கிவிட்டேன். முறைப்படி பெரியப்பா. அந்தக் கட்டத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நீ பதினொன்றாவது சேர்ந்த அன்று சித்தப்பா கொண்டுவந்த கால்குலேட்டர் இன்னும் பச்சை டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. விலைச்சீட்டைக்கூட நீ கிழிக்கவில்லை.

சரி, கதை. டிவி நிலையத்தில் ஒரு திருடன் ஓடி வருகிறான், பின்னாலேயே போலீஸ்காரர் கத்துகிறார். கையை நீட்டினால் போதும். பீட்டர் நீட்டவில்லை, நமக்கென்ன என்று விட்டுவிட்டான். சில நாள் கழித்து வீட்டு வாசலில் போலீஸ் வண்டி. பெரியப்பாவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஆற்றங்கரைக் கிட்டங்கியில் போய் அந்த ஆளைப் பிடிக்கிறான். தொப்பி நழுவுகிறது. அதே முகம்.

இந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். கொசு கடிக்கிறது, நாளைக்கு மீதி என்றேன். நந்து விடவில்லை. "எனக்குத் தெரியும் தாத்தா, அவன் அழுவான்" என்றான்.

பெரிய சக்தி வந்தால் பெரிய பொறுப்பும் வரும் என்று பென் சொன்னதாக ஊரெல்லாம் சொல்கிறது. அந்த 11 பக்கத்தில் அவர் அப்படிச் சொல்லவே இல்லை, கடைசிக் கட்டத்தின் மூலையில் கதை சொல்கிறவன் எழுதியது. நீதான் காட்டினாய். செத்தவர் வாயில் பின்னால் வந்தவர்கள் வைத்த பேச்சு. பதினாறாம் நாள் பந்தியில், "கடைசியா சரவணனைத்தான் கூப்பிட்டான், எடுக்கலை" என்று பேசினார்களே, அவர்கள் யாரும் அன்று ராத்திரி சித்தப்பா பக்கத்தில் இல்லை.

இதைப் பேசவே கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பேசவில்லை, எழுதுகிறேன். பீட்டர் திருடனைக் கண்ணால் பார்த்துவிட்டு விட்டான். நீ ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாய்.

பார்த்துவிட்டு விட்டது நான். எனக்கும் கூப்பிட்டான். ஒன்பதே முக்காலுக்கு, உனக்கு முன்னால். 'தம்பி' என்று வந்தது. கிணற்று விஷயமாகத்தான் இருக்கும் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செய்தி பார்த்தேன். மறுநாள் அந்த அழைப்பை அழித்தும்விட்டேன். பந்தியில் உன் பெயர் அடிபட்டபோது தண்ணீர்க் குவளையோடு பின்னால்தான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீ தலை நிமிரவே இல்லை. பதினோரு மாதமாகிறது. அம்மாவுக்கும் தெரியாது, இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுத்தான் சொல்லப்போகிறேன். சித்தியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சித்தி வளையலை அடகு வைத்திருக்கிறாள். கதையிலும் அப்படித்தான், 1963 மார்ச்சில் புதிதாக வந்த ஸ்பைடர்மேன் இதழில் மே பெரியம்மா வீட்டு வாடகைக்காக நகையை அடகு வைக்கிறாள். பீட்டருக்குக் கிடைத்த செக்கோ ஸ்பைடர்மேன் பெயரில், பேங்கில் மாற்றித் தரமாட்டேன் என்கிறார்கள். இதைச் சொன்னதும் நந்து புரண்டு புரண்டு சிரித்தான். நீ போன மாதம் சித்திக்குப் பணம் அனுப்பியதை அவள் சொன்னாள். எனக்கு ஏன் சொல்லவில்லை? நல்ல காரியம்தான், ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வளையலை நான் மீட்டுக்கொள்கிறேன், நீ உன் கடனைப் பார்.

ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் உனக்குப் பச்சை விளக்கு எரிகிறது என்று அக்கா சொன்னாள். தூங்கு.

தலைத்திவசம் ஆவணி 18. டிக்கெட் போட்டால் சொல். போடாவிட்டாலும் சொல். நந்து மீதிக் கதைக்குக் காத்திருக்கிறான், என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொல்லேன்.

அப்பா