மூன்றாம் பீரோ, மேல் தட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழில் வாசகர் ஒருவரின் கடிதம் வந்திருந்தது. இளையோர் நாவல் என்ற பெயரில் காதல், உடல், தற்கொலை என்றெல்லாம் எழுதும் புத்தகங்களைப் பள்ளி நூலகங்களிலிருந்து அடியோடு அகற்ற வேண்டும் என்று கேட்டிருந்தார். கோபமாக எழுதியிருந்தாலும் அவர் கவலை பொய்யில்லை. அவருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. அவர் கேட்பதை நான் ஏற்கெனவே செய்து பார்த்தவள்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தேன். அரசுப் பள்ளிகளில் நூலகர் என்று தனி ஆள் இருப்பது அபூர்வம். கொஞ்சம் படிக்கிற ஆசிரியர் யாரோ, அவர் தலையில் 'நூலகப் பொறுப்பு' விழும். என் தலையில் விழுந்தது. நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆய்வகத்தை ஒட்டி ஓர் அறை, மூன்று இரும்பு பீரோ, ஒரு நீள மேசை, ஓர் இருப்புப் பதிவேடு. புத்தகம் தொலைந்தால் கைக்காசு போட்டுக் கட்ட வேண்டியிருக்கும் என்ற பயத்தில் நானும் பீரோவை அதிகம் திறந்ததில்லை.

2011 ஜூனில் அது மாறியது. சமச்சீர் கல்விப் புத்தகங்களைக் கொடுப்பதா வேண்டாமா என்று வழக்கு நடந்த மாதங்கள் அவை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் பாடப்புத்தகம் இல்லை. எத்தனை நாள்தான் கட்டுரைப் பயிற்சி கொடுப்பது? சரி, ஆனது ஆகட்டும் என்று மூன்று பீரோவையும் திறந்துவிட்டேன். என் பணிக்காலத்தில் பிள்ளைகள் அந்த அளவுக்குப் படித்து நான் பார்த்ததில்லை. ஒரு புத்தகத்தை நான்கு பேர் முறைவைத்துப் படித்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

அப்படிக் கைமாறிக் கைமாறிப் போனதில் ஒன்று, மொழிபெயர்ப்பு நாவல். நூற்றுச் சொச்சம் பக்கம். நூலக மானியத்தில் வாங்கிய புத்தகக் கட்டோடு வந்தது. பதிமூன்று வயதுப் பெண். வீட்டுக்கு வந்துபோகும் உறவுக்காரர் ஒருவர். யாரிடமும் சொல்ல முடியாமல் அவள் தவிப்பது. கடைசியில் ஓர் ஆசிரியையிடம் வாய் திறப்பது. அவ்வளவுதான் கதை. பெயரை எழுதவில்லை. எழுதினால் பேச்சு அந்தப் புத்தகம் நல்லதா கெட்டதா என்று திரும்பிவிடும்.

ஜூலையில் ஒரு நாள் மாணவி ஒருத்தியின் அப்பா வந்தார். கையில் ஒரே ஒரு பக்கத்தின் ஜெராக்ஸ். ஆறு வரிகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. "இதைத்தான் சொல்லித் தர்றீங்களா டீச்சர்?" என்றார். மீதிப் பக்கங்களைப் படித்தீர்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தலைமையாசிரியை பதறிப்போனார். "எதுக்கு டீச்சர் வம்பு? பேப்பர்ல வந்தா எனக்கும் 17 பி, உங்களுக்கும் 17 பி" என்றார். ஒழுங்கு நடவடிக்கையின் கடுமையான பிரிவு அது. அரசு ஊழியர் வீட்டில் குழந்தைக்குக்கூட அந்த எண் தெரியும். புகாரை எழுத்தில் வாங்கவில்லை. அகற்றச் சொல்லி எழுத்தில் உத்தரவும் இல்லை. அன்று சாயங்காலமே மூன்றாம் பீரோவின் மேல் தட்டில் அதைத் தள்ளிப் பூட்டினேன். பதிவேட்டில் ஒரு மாற்றமும் செய்யவில்லை. இருப்பு 1 என்று இருந்தது, 1 என்றே இருந்தது.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைப் பாதி வரை படித்திருந்தாள். "டீச்சர், அந்தப் புத்தகம் எங்க?" என்று வந்து நின்றாள். பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள். மறுபடியும் பைண்டிங். மூன்றாம் தடவை வரவில்லை. கதையின் முடிவைத் தெரிந்துகொள்ளக் கேட்டாளா, வேறு எதற்காகவாவது கேட்டாளா? எதற்கம்மா கேட்கிறாய் என்று ஒரு தடவைகூட நான் அவளைக் கேட்கவில்லை. பள்ளிப் படிப்பை முடித்துப் போய்விட்டாள்.

2012 நவம்பரில் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்புறம் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்தான் தப்பாக நடப்பார், பிள்ளை சொன்னால் நம்புங்கள், யாரிடம் சொல்லலாம் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதினோம். அந்த அப்பா சிவப்புக் கோடு போட்டுக் கொண்டுவந்த ஆறு வரியிலும் இருந்தது இதேதான். ஒன்றை என்னை மைக் பிடித்துச் சொல்லச் சொன்னார்கள், மற்றது பூட்டிய பீரோவுக்குள் கிடந்தது.

இதை நான் ஏறக்குறைய மறந்தே போயிருந்தேன். டெக்சாஸில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது பேத்திதான் கிளறிவிட்டாள். அவளுக்கு வகுப்பில் ஒரு வழக்கு பாடமாக வந்திருந்தது. நியூயார்க் மாநிலத்தில் ஐலண்ட் ட்ரீஸ் என்று ஒரு பள்ளி மாவட்டம். 1975 நவம்பரில் ஓர் இரவு, பள்ளி வாரியத்துப் பெரிய மனிதர்கள் துப்புரவுப் பணியாளரைக் கதவைத் திறக்கச் சொல்லி நூலகத்துக்குள் போயிருக்கிறார்கள். ஏதோ ஒரு மாநாட்டில் வாங்கிய 'ஆட்சேபத்துக்குரிய புத்தகங்கள்' பட்டியல் அவர்கள் கையில். நூலக அட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்ததில் அந்த உயர்நிலைப் பள்ளியில் மட்டும் ஒன்பது புத்தகங்கள் மாட்டின. போதைக்கு அடிமையான ஒரு பதின்வயதுப் பெண்ணின் நாட்குறிப்புபோல் எழுதப்பட்ட 'கோ ஆஸ்க் ஆலிஸ்' அவற்றில் ஒன்று. எதிர்ப்புக் கிளம்பியதும் பெற்றோரும் ஆசிரியருமாக வாரியமே ஒரு குழு போட்டது. குழு சில புத்தகங்களைத் திருப்பி வைக்கலாம் என்றது. தான் போட்ட குழு சொன்னதை வாரியமே பெரும்பாலும் கேட்கவில்லை. (நம்மூர்க் கதை மாதிரி இருக்கிறதல்லவா?) 17 வயது மாணவர் ஸ்டீவன் பிக்கோ வேறு நான்கு மாணவர்களுடன் சேர்ந்து வழக்குப் போட்டார். 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்று மயிரிழையில் மாணவர்கள் பக்கம் தீர்ந்தது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்கக் கூடாது என்று எழுதினார் நீதிபதி பிரென்னன்.

"ராத்திரியில திருடப் போன மாதிரி இல்ல, அம்மாச்சி?" என்று பேத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குத் துப்புரவுப் பணியாளரின் உதவிகூடத் தேவைப்படவில்லை. சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பாடத்தில் என்ன வைப்பது என்பதில் பள்ளி வாரியத்துக்கு நிறைய உரிமை உண்டு, நூலகம் அப்படியல்ல என்கிறார் பிரென்னன். பாடம் கட்டாயம், நூலகத்தில் பிள்ளை தானாகப் போய் எடுக்கிறது. நம் வாசகர் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார். வகுப்பில் எல்லாரையும் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லும் நாவல் என்றால் பெற்றோர் கேள்வி கேட்கட்டும், நானும் சேர்ந்து கேட்பேன். பீரோவில் இருக்கும் ஒரு பிரதியை யாரும் யார் வாயிலும் திணிக்கவில்லை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வழக்கில் 2016இல் சென்னை உயர் நீதிமன்றமும் படிப்பதா வேண்டாமா என்பது வாசகரின் தேர்வு என்றுதானே சொன்னது.

டெக்சாஸும் ஒழுங்கில்லை. 2021 அக்டோபரில் மாட் கிராஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர் சுமார் 850 புத்தகங்களின் பட்டியலைப் பள்ளி மாவட்டங்களுக்கு அனுப்பி, எத்தனை பிரதி வைத்திருக்கிறீர்கள், எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று கணக்குக் கேட்டார். அதே மாதம் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி பள்ளி மாவட்டத்தில் 'நியூ கிட்' என்ற படக்கதை நாவலை எடுத்து வைத்தார்கள். தனியார் பள்ளிக்குப் போகும் ஒரு கறுப்பினப் பையனின் கதை. சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் வாங்கியது. குழு உட்கார்ந்து படித்தது, தவறொன்றும் இல்லை என்றது, இரண்டு வாரத்துக்குள் புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது. அங்கேயும் புகார் வந்தவுடனே எடுத்துவிட்டார்கள், அது தப்பு. ஆனால் யாரோ படித்தார்கள், முடிவு வெளியே தெரிந்தது.

யார் இப்படிப் புகார் கொடுக்கிறார்கள் என்று வாஷிங்டன் போஸ்ட் ஒரு கணக்கு எடுத்தது. 2021-22 கல்வியாண்டில் அவர்கள் திரட்டிய ஆயிரத்துச் சொச்சம் புகார்களில் பாதிக்கு மேல் வெறும் 11 பேர் கொடுத்தவை. பதினொரு பேர்! 2023-24இல் அமெரிக்கப் பள்ளிகளில் பத்தாயிரம் தடவைக்கு மேல் புத்தகம் அகற்றப்பட்டது என்று பென் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு எண்ணிச் சொல்கிறது. வெட்கக்கேடுதான். ஆனாலும் அங்கே எண்ணவாவது முடிகிறது. என் மூன்றாம் பீரோ எந்தக் கணக்கில் வரும்? நம் மாநிலத்தில் பள்ளிப் புத்தகத் தடையே இல்லை என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த பீரோதான்.

வாசகரின் கவலையில் ஒரு பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ப்ளஸ் டூ முடிவு வரும் நாளில் எந்த வீட்டிலிருந்து என்ன செய்தி வருமோ என்று வயிற்றில் நெருப்போடு உட்கார்ந்திருந்தவள் நான். 2007இல் வந்த 'தர்ட்டீன் ரீசன்ஸ் ஒய்' நாவலில் ஒரு மாணவி தற்கொலை செய்துகொள்கிறாள். 2017இல் அது நெட்ஃபிளிக்ஸில் தொடராக வந்தபோது தற்கொலைக் காட்சியைப் பற்றி மனநல மருத்துவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள். 2019இல் நெட்ஃபிளிக்ஸே அந்தக் காட்சியை வெட்டிவிட்டது. ஆக, எதைக் காட்டுகிறோம், எப்படிக் காட்டுகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. என் மகளும் அந்த நாவலைப் பேத்திக்கு இப்போது வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அது அவள் பிள்ளை, அவள் முடிவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து அவள் முடிவெடுக்கவில்லை. நம் வாசகரும் தன் பிள்ளைக்கு இந்தப் புத்தகம் வேண்டாம் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கட்டும், நான் பொறுப்பில் இருந்தால் கட்டாயம் மதிப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'போன்ல இல்லாததா புத்தகத்துல இருக்கு' என்று தடைக்கு எதிராகப் பேசுகிறவர்கள் எடுத்துவிடும் வாதம் எனக்குப் பிடிப்பதில்லை. போனில் இருப்பதெல்லாம் பள்ளி அலமாரிக்கு வர வேண்டுமா என்ன? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் ப்ளஸ் ஒன் பிள்ளைக்கும் ஒரே தட்டு இருக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். தட்டைப் பிரித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு.

கேள்வி கேட்பவர்கள் பெற்றோர் மட்டும்தான் என்றும் இல்லை. 2021இல் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பாடத்திலிருந்து தமிழ் எழுத்தாளர்கள் பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகளை நீக்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடம்கூட அல்ல அது. சுகிர்தராணி பள்ளியில் பாடம் நடத்தும் தமிழாசிரியை. என் வேலையைப் பார்க்கிற பெண்ணின் கவிதை பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்கே ஆகாது என்றால், ஒரு கிராமத்துப் பள்ளியில் நூலகப் பொறுப்பில் இருக்கும் இன்னொருத்திக்கு எங்கிருந்து தைரியம் வரும்?

அதனால் நான் கேட்பது தைரியத்தை அல்ல, ஓர் அரசாணையை. புகாரை எழுத்தில்தான் வாங்க வேண்டும், கொடுப்பவர் முழுப் புத்தகத்தையும் படித்தேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஆசிரியர் இரண்டு மூன்று பேர், பெற்றோர் இரண்டு பேர், ப்ளஸ் ஒன் படிக்கும் ஒரு மாணவி என்று சேர்ந்து படிக்கட்டும். அதுவரை புத்தகம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவானால், காரணத்தோடு இருப்புப் பதிவேட்டில் எழுதட்டும். இந்தப் பாதுகாப்பு அன்று இருந்திருந்தால் தலைமையாசிரியையும் நானும் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம் என்று நினைக்கிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது அவருக்கு.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் வந்தால் பள்ளி தெரியும், பள்ளி தெரிந்தால் அந்தப் பெண்ணையும் யாராவது தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

அந்தப் பள்ளியில் இப்போது நூலகப் பொறுப்பில் இருப்பவர் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வார்த்தை. நான் பொறுப்பு ஒப்படைத்த அன்று எண்ணிக்கை சரியாக இருந்தது, கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். ஆனால் மூன்றாம் பீரோவின் மேல் தட்டில், இடது பக்கம், பழைய பாடத்திட்டப் புத்தகக் கட்டு ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். நீல அட்டை. பைண்டிங் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்