நாடகத்துக்கும் ஒரு கணக்கு எழுதுங்கள்: வன்னியின் கோயில் பரிபாலன சபைகளுக்கும் விழாக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, பொருளாளர்களே,

வைகாசிப் பொங்கலுக்கும் அதைத் தொடர்ந்து வரும் ஆனி, ஆடித் திருவிழாக்களுக்கும் நீங்கள் வரவு செலவு எழுதும் காலம் இது. ஒலியமைப்பு, மின்னலங்காரம், மேளம், இசைக்குழு, வாணவேடிக்கை என ஒவ்வொன்றுக்கும் முற்பணம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று எழுதுகிறீர்கள். நாடகத்தின் முறை வரும்போது மட்டும், "பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பார்த்துச் செய்வம்" என்று சொல்லி அடுத்த விடயத்துக்குப் போய்விடுகிறீர்கள். அப்படிப் பார்த்துச் செய்யும் தொகையை நம்பி வாழ்கின்ற நடிகைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் இப்பகுதியில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியை. என்னிடம் படித்த ஒருவர் தமிழ்த்தினப் போட்டிகளில் தொடங்கி, பல்கலைக்கழகத்தில் அதே துறையில் பட்டம் பெற்று, இன்று மேடையிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடிக்கிறார். சென்ற வருடம் ஒரு கோயில் மேடையில் அவர் கண்ணகியாக நடித்தார். பாடசாலை வகுப்பறை ஒன்றில் மேசைகளை ஓரமாகத் தள்ளி, யன்னலுக்குச் சேலையைக் கட்டி மறைத்துவிட்டு, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒப்பனை செய்தோம். சேலையும் சிலம்பும் அவர் சொந்தக் காசில் வாங்கியவை. வழக்குரைக்கும் காட்சியில் சனம் மூச்சுவிடாமல் இருந்தது. நாடகம் முடிந்ததும் பொன்னாடை போர்த்தி ஒரு கடித உறையையும் கொடுத்தார்கள். கிணற்றடியில் தேங்காய் எண்ணெய் பூசி முகப்பூச்சைத் துடைத்தபின் அதைப் பிரித்துப் பார்த்தார். 1,500 ரூபா இருந்தது. அந்த நேரத்தில் வீடு போய்ச் சேர ஓட்டோக்காரர் கேட்ட கூலி 2,000 ரூபா. விடியற்காலை முதல் பேருந்து வரும்வரை நாங்கள் வகுப்பறை விறாந்தையிலேயே இருந்தோம்.

தொலைக்காட்சியில் முகம் தெரிவதால் அவர் வசதியாக வாழ்கிறார் என்று ஊர் நம்புகிறது. அவர் நடித்த தொடர் ஒன்று திரும்பத் திரும்ப ஒளிபரப்பானது. அவருக்குக் கிடைத்ததோ படப்பிடிப்பு நடந்த நாள்களுக்கான கூலி மட்டுமே. வீடு இன்னும் பூசப்படாத சுவரோடு நிற்கிறது, தாயார் எடுத்த நுண்கடனுக்குக் கிழமைதோறும் தவணை கட்டவேண்டியிருக்கிறது. இந்த நிலையில் அரச நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் தாயாரின் பெயர் வந்தபோது, "ரீவியில வாற பிள்ளையின்ர வீட்டுக்கு எதுக்கு நிவாரணம்" என்று அயலவர்கள் ஆட்சேபனை எழுதிக் கொடுத்தார்கள். இல்லாத செல்வத்துக்காக ஒரு குடும்பம் தண்டனை அனுபவிக்கிறது.

முன்னர் இப்படி இருக்கவில்லையே என்று மூத்தவர்கள் கேட்பீர்கள். முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆடி வந்தவர்கள் ஆண்கள். கண்ணகிக்கும் ஆணே வேடம் கட்டினார். பெரும்பாலும் வயல் செய்தவர்கள், அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்தபின் தம் ஊரிலேயே, தம் சனத்தின் முன்னே ஆடினார்கள். அவர்களுக்கு அன்பளிப்பு ஒரு கௌரவமாக இருந்தது, ஏனெனில் அடுப்பை எரிய வைத்தது வயல். இன்றைய நடிகைக்கு வயல் இல்லை, தொழிலே நடிப்பு; ஊர் விட்டு ஊர் வந்து நடிக்கிறார். நிலைமை இவ்வளவு மாறிய பின்னும் பழைய அன்பளிப்பு முறையையே தொடர்வது நியாயமாகாது.

புகழ் தானாகவே பணமாகிவிடாது என்பதற்கு நாடக வரலாற்றில் சாட்சிகள் உண்டு. முழுக்கப் பெண்களையே கொண்ட நாடகக் குழுவை நடத்திய கும்பகோணம் பாலாமணி அம்மாளின் நாடகம் பார்க்கத் தனி ரயில்கள் ஓடின. அரண்மனை போன்ற வீட்டில் வாழ்ந்து அள்ளிக் கொடுத்த அவர், கடைசிக் காலத்தை வறுமையில் கழித்தார். மேடையிலிருந்து வந்து, 1947இல் வெளியான முதலாவது சிங்களப் பேசும் படத்தின் நாயகியான ருக்மணி தேவி, 1978இல் இசை நிகழ்ச்சி ஒன்றை முடித்துத் திரும்பும் வழியில் வாகன விபத்தில் இறந்தார். நாடே கொண்டாடிய அந்தக் குரலுக்கு அந்த வயதிலும் மேடை மேடையாகப் போகவேண்டியிருந்தது.

கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் கதை வேறு. கொழும்பு மேடையில் எஸ். ஜி. கிட்டப்பாவோடு பாடி நடித்து அவரையே மணந்தவர், 1933இல் அவரை இழந்து வெண்ணுடை தரித்து ஒதுங்கியிருந்தார். அவரைப் படத்துக்கு அழைத்தபோது, நடிக்க விருப்பமில்லாததால் எவரும் கொடுக்க முடியாத தொகையாக ஒரு இலட்சம் ரூபாயைக் கேட்டார் என்பார்கள். 1935இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு அவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது. அவருடைய குரல் நமது மாணவிகளுக்கு வாய்க்காமல் போகலாம். ஆனால் தொகையை முதலிலேயே பேசி முடிக்கும் வழக்கம் எவருக்கும் வாய்க்கக்கூடியது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். நாடகத்துக்கு வரவு செலவில் தனியிடம் ஒதுக்குங்கள். நடிகைக்கான கொடுப்பனவை, அது சிறிய தொகையானாலும், ஒரு தாளில் எழுதி இருதரப்பும் ஒப்பமிட்டு முற்பணம் கொடுங்கள். இரவு வீடு திரும்ப வாகனமும் பூட்டக்கூடிய ஒப்பனை அறையும் அந்தத் தாளில் இருக்கட்டும். நாடகத்தைப் பதிவு செய்து ஒளிபரப்ப அல்லது யூரியூப்பில் ஏற்ற எண்ணினால் அதையும் முன்கூட்டியே கேட்டு, அதற்கான தொகையைத் தனியே குறியுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மேடையில் நடிப்போரின் உரிமையையும் ஏற்றுக்கொள்கிறது. நமது மேடைகளில் அதை எடுத்துச் சொல்வார்தான் இல்லை. மாதச் சம்பளக்காரருக்குத் தொழில்தருநர் 12 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டுகிறார். நடிகைக்கு அப்படிக் கட்ட எவருமில்லை, முதுமைக்குரியதையும் அவர் இந்த இரவுக் கூலியிலிருந்தே மிச்சம் பிடிக்கவேண்டும்.

"அம்மாளுக்குச் செய்யிற தொண்டுக்குக் கூலியா" என்று ஒரு சபையில் என்னிடம் கேட்டார்கள். நாதசுரக் கலைஞரும் அம்மாளுக்குத்தான் வாசிக்கிறார். அவருக்குப் பேசிய பணத்தைக் குறைவின்றிக் கொடுக்கிறோம், அவருடைய பக்தியை எவரும் சந்தேகிப்பதில்லை. அதே மரியாதையை நடிகைக்கும் கொடுங்கள்.

ஒரு பக்கத்தில் அடங்கும் உடன்படிக்கை மாதிரி ஒன்றைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். கேட்கும் சபைகளுக்கு அனுப்பிவைப்போம். திருவிழாவுக்கு முந்திய பொதுக்கூட்டத்தில் உபயகாரர்கள் முன்னிலையில் அதை வாசித்து, ஏற்க முடியாத வரி எது என்பதை எழுத்தில் அறியத் தாருங்கள்.

இங்ஙனம்,
நாடக ஆசிரியை ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்