யாழ்ப்பாணத்து உயர்தர ரியூசன் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும்,

உங்களிடம் உயிரியலும் இரசாயனவியலும் படித்து விஞ்ஞான பீடத்துக்குப் போன மாணவி எழுதுகிறேன். முதல் அரையாண்டு முடிந்துவிட்டது. உயர்தரப் பெறுபேறு வந்தபோது கொக்குவில் முதல் நெல்லியடி வரை சந்திக்குச் சந்தி எங்கள் படங்களோடு பதாகை கட்டினீர்கள். அந்தப் படங்களில் சிரித்தவர்களில் பலர் பல்கலைக்கழகத்தில் திண்டாடிப்போன கதையை உங்களிடம் யாரும் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆங்கிலம்தான் காரணம் என்பார்கள். அதுவும் உண்டு. ஆனால் அகராதியும் நல்ல சிநேகிதரும் இருந்தால் சில மாதங்களில் அது பிடிபட்டுவிடுகிறது. மூத்த மாணவர்களின் பகிடிவதை என்பார்கள். அதைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதை நிர்வாகத்திடம் கேட்க வேண்டும், உங்களிடம் அல்ல. எங்களை உண்மையில் விழுத்தியது வேறு. எங்களுக்குக் குறிப்பெடுக்கத் தெரியாது.

தகரக் கொட்டகையில் நெருக்கியடித்து இருந்தபடி, ஒலிவாங்கியில் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினோம். "தலைப்பைச் சிவப்பில் எழுதுங்கள், கீழே கோடு, பந்தி விடுங்கள்" என்பது வரை நீங்களே சொன்னீர்கள். எது முக்கியம், எதை விடலாம் என்று நாங்கள் முடிவெடுத்ததே இல்லை. முதல் வார விரிவுரை ஒன்றில் விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் பேசிவிட்டுப் போனார். எனக்குப் பக்கத்தில் இருந்தவளின் கொப்பியில் திகதி, தலைப்பு, தலைப்பின் கீழ் அடிமட்டத்தால் கீறிய கோடு. அவ்வளவுதான். அவள் மாவட்டத்தில் முன்னுக்கு வந்த பிள்ளை.

பட்டங்களின் தரத்தை வகுக்கும் இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி, பாடத்தின் அளவைக் குறிக்கும் ஒரு திறமைப்புள்ளி (credit) என்பது 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரையாக நடப்பது அதில் 15 மணித்தியாலம். மூன்று புள்ளிப் பாடமென்றால் 150இல் 45. மிச்சம் 105 மணித்தியாலமும் நாங்களே தேடிப் படிக்க வேண்டியது. விடியற்காலை வகுப்பு, பின்னேர வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை மீட்டல் என்று வளர்ந்த எங்களுக்கு அந்த மணித்தியாலங்களை என்ன செய்வதென்றே விளங்கவில்லை. சிலர் புதிய ரியூசன் தேடினார்கள், நம்புங்கள்.

உங்களைக் குறை சொல்லித் தப்பிக்க நான் எழுதவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா என்ற பரீட்சைக்கு உங்கள் வழிதான் சரி. அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி இல்லாமல் பல்கலைக்கழக வாசலையே கண்டிருக்க மாட்டோம். வீட்டிலும் கொப்பி நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

ஆனால் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் கூப்பிடும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் சும்மா இருக்கிறார்கள். கெட்டிக்காரரை நீங்கள் தாள் திருத்தக் கூப்பிடுகிறீர்கள், மற்றவர்கள் போனோடு பொழுதைக் கழிக்கிறார்கள். அந்த மாதங்களில் ஒரு வகுப்பு வையுங்கள். ஆங்கிலப் பாடநூலில் ஒரு அத்தியாயத்தைக் கொடுத்து, அரைப்பக்கத்தில் அதை எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தட்டும். நீங்கள் ஒரு வசனமும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மண்டபத்தை மட்டும் தாருங்கள். சனிக்கிழமைகளில் வந்து நடத்த எங்கள் அணியில் ஆட்கள் இருக்கிறார்கள். பதாகையில் படம் போட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி