குணத்துக்கு மூளையில் இடம் குறிக்கும் முன்: அறிவியல் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ், வார இதழ் அறிவியல் பக்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ‘கூச்ச சுபாவமா? மூளையின் இந்தப் பகுதி சிறியதாக இருக்கும்’ என்ற வகைச் செய்தி அடுத்த முறை உங்கள் மேசைக்கு வந்தால், மூலக் கட்டுரையில் மூன்று எண்களைத் தேடுங்கள்: எத்தனை பேர், எத்தனை சோதனைகள், ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண்; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) எவ்வளவு.

உளவியலாளர் காலின் டியங் குழு 2010-இல் 116 பேரின் எம்ஆர்ஐ படங்களை ஆராய்ந்து, ஐந்து பெரும் ஆளுமைப் பண்புகளில் (புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், சட்டென மனம் கலங்குதல்) நான்குக்கு மூளைப் பகுதிகளின் பருமனோடு தொடர்பு உண்டு என்றது. இன்றும் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. 2020-இல் டியூக் பல்கலைக்கழகக் குழு 1,107 மாணவர்களிடம் இத்தகைய தொடர்புகளைத் தேடியது. மிஞ்சியது ஒரே ஒரு பலவீனமான தொடர்பு: பொறுப்புணர்வு குறைந்தவர்களுக்கு மேல் பொட்டு மடிப்பின் (காதுக்கு அருகே உள்ள மூளை மடிப்பு) பரப்பு சற்றே அதிகம். அதையும் எச்சரிக்கையோடு பாருங்கள் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? 116 பேர் கொண்ட ஆய்வில் கெழு சுமார் 0.18-ஐத் தாண்டினால்தான் புள்ளியியலில் ‘முக்கியம்’ என்ற முத்திரை கிடைக்கும். உண்மைத் தொடர்பு 0.05 என்றால், தற்செயலாக ஊதிப் பெருத்த முடிவு மட்டுமே அந்தச் சல்லடையைக் கடந்து அச்சேறும். 2022-இல் நேச்சர் இதழில் ஸ்காட் மாரெக் குழு ஏறத்தாழ 50,000 பேரின் தரவுகளை அலசியது. மூளைக்கும் அறிவுத்திறன், மனநலம் போன்றவற்றுக்கும் இடையே அவர்கள் கண்ட கெழுக்களின் இடைநிலை அளவு 0.01தான். 0.1 கிடைத்தாலே பெரிது. அதுவும் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்கைத்தான் விளக்கும். தனி ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து அவர் குணத்தைச் சொல்ல உதவாது.

சோதனைகளின் எண்ணிக்கையையும் எண்ணுங்கள். பரவலாகப் பயன்படும் ஒரு வரைபடம் மூளைப் புறணியை, அதாவது மூளையின் மேலடுக்கை, பக்கத்துக்கு 34 ஆக 68 பகுதிகளாகப் பிரிக்கிறது. தடிமன், பரப்பு, பருமன் என மூன்று அளவுகள், ஐந்து பண்புகள். மொத்தம் 1,020 சோதனைகள். தற்செயலால் நூற்றில் ஐந்து முறை வரக்கூடியதையும் ஏற்கும் வழக்கமான 5 சதவீத வரம்பு வைத்தால், எந்தத் தொடர்புமே இல்லாவிட்டாலும் சராசரியாக 51 ‘கண்டுபிடிப்புகள்’ கிடைத்துவிடும். 0.1 கெழுவை 80 சதவீத உறுதியோடு பிடிக்க ஒரே ஒரு சோதனைக்குச் சுமார் 780 பேர் தேவை. 68 பகுதிகளையும் சோதிப்பதற்கேற்ப வரம்பைக் கடுமையாக்கினால் ஏறத்தாழ 1,770 பேர்.

அளவீட்டிலும் ஓட்டைகள் உண்டு. ஸ்கேனுக்குள் தலையை அசைத்தால் புறணி உள்ளதைவிட மெல்லியதாகப் பதிவாகும். பதற்றக்காரர்கள் கூடுதலாக அசைந்தால், அந்த அசைவையே மூளையின் அமைப்பு என்று நாம் படித்துவிடுவோம். ஆண்களின் மூளை சராசரியாகப் பெரிது. சட்டென மனம் கலங்கும் பண்பில் பெண்களின் சராசரி மதிப்பெண் அதிகம். பாலினத்தையும் மண்டையோட்டின் உட்பருமனையும் கணக்கில் எடுக்காவிட்டால் ‘சிறிய மூளை, கலங்கும் மனம்’ என்று ஒரு போலித் தொடர்பு தானாகவே முளைக்கும். வயதும் அப்படித்தான்: வயது ஏற ஏறப் புறணி மெலிகிறது, பொறுப்புணர்வோ பொதுவாகக் கூடுகிறது. இவற்றைக் கழித்தார்களா என்பது செய்முறைப் பகுதியில் இருக்கும். செய்திக் குறிப்பில் பெரும்பாலும் இருக்காது.

வண்ணம் பூசிய மூளைப் படத்தைப் போடுவதானால், அந்தச் சிவப்பு புள்ளியியல் வரம்பைத் தாண்டிய இடங்களைக் குறிக்கிறது என்று படக்குறிப்பில் சேருங்கள். அங்கே எதுவும் ஒளிர்வதில்லை.

காயமும் நோயும் வேறு கதை. மூளையின் முன்பகுதி சிதையும் மறதிநோய் வகைகளில் குணம் வெளிப்படையாகவே மாறும். ஆனால் நலமாக உள்ளவர்களிடையே காணும் நுண்ணிய அமைப்பு வேறுபாட்டுக்கு அதைச் சான்றாக நிறுத்த முடியாது. 1848-இல் இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்தும் பிழைத்து, அதன்பின் குணமே மாறியதாகச் சொல்லப்படும் பினியாஸ் கேஜை எப்படியும் இழுத்து வருவீர்கள். வரட்டும், அவர் பின்னாளில் சிலி நாட்டில் பல ஆண்டுகள் கோச்சு வண்டி ஓட்டிப் பிழைத்ததையும் சேர்த்தே எழுதுங்கள்.

அன்புடன்,
மூளைப் படத் தரவுகளோடு பணியாற்றும் சிலர்